கோடையில் பின்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக்குக் கிழக்கே எல்லையோரம் இருக்கும் ஊர்களில், கேரளத்துக்குள் இருந்தாலும், பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். பங்குனி பிறந்துவிட்டால் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தப் பருவத்தில் ஊசியும் நூலுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும், லீவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வரும் உறவுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டு ஊசிப் பின்னல், ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷா இரண்டுமே இதில் வரும்.

இந்த வெயிலில் யாராவது பின்னுவார்களா?

பின்னலாம். எங்கள் பக்கத்துக்குக் கோடைதான் தோதான காலம் என்பேன். பின்னல் என்றாலே உல்லன், உல்லன் என்றாலே ஸ்வெட்டர் என்று மனதில் பதிந்திருப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. மடியில் கனத்த கம்பளியைப் போட்டுக்கொண்டு மே மாதத்தில் யாராலும் உட்கார முடியாது. பருத்தி நூலை எடுத்தால் கதையே வேறு. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது. அதனால்தான் அக்ரிலிக் நூல் விரலில் பிசுபிசுக்கிறது, பருத்தி வியர்வையை வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்று, கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். பருத்திக்கு ஏற்ற மண். கிழக்கே பஸ் ஏறினால் திருப்பூர். பருத்திக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, லூதியானாவிலிருந்து வரும் உல்லனை மட்டுமே நூல் என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கும்.

எந்த நூல் வாங்குவது? கடையில் கேட்டால் பேபி உல்லன்தான் எடுத்துத் தருகிறார்கள்.

பேபி உல்லன் என்று ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் கம்பளி இருக்காது. மழைக்காலத் தொப்பிக்கும் சால்வைக்கும் அது போதும். கோடைக்கு வேண்டாம்.

பருத்தியில் இரண்டு வகை பார்க்கலாம். ஒன்று மெர்சரைஸ் செய்தது. நூலை இழுத்துப் பிடித்த நிலையில் காஸ்டிக் சோடாவில் நனைத்து எடுப்பார்கள். ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் 1844-இல் காஸ்டிக் சோடாவின் இந்த குணத்தைக் கண்டார். இழுத்துப் பிடித்துச் செய்யும் முறை பிறகு வந்தது. இந்த நூலில் பளபளப்பு இருக்கும், சாயம் நன்றாக ஏறும், உறுதி கூடும். குரோஷா விரிப்புக்கும் ரவிக்கைக் கை ஓரத்துக்கும் இதுதான். மற்றொன்று மெர்சரைஸ் செய்யாத, மெத்தென்ற மங்கல் நூல். கரித்துணி, பாத்திரம் துடைக்கும் துணி, குழந்தைச் சட்டை, சந்தைப் பை எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் எடுப்பேன்.

முதலில் வெள்ளையோ பழுப்போ வாங்குங்கள். கறுப்பு, கருநீலம் வேண்டாம். சாயங்கால வெளிச்சத்தில் கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) தெரியாமல் கண் நோகும்.

திருப்பூர் கோன் நூல் (கூம்பில் சுற்றி வருவது) மலிவாகக் கிடைத்தது. ஆனால் தையல் நூல் போல மெல்லியதாக இருக்கிறதே?

பனியன் மெஷினுக்கான நூல் அப்படித்தான் இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். கைப்பின்னலுக்கு அதைவிடக் கைக்கு அடங்கிய நூல் கிடையாது. எத்தனை இழை சேர்ப்பது என்பதைக் கணக்காகத் தெரிந்துகொண்டால் போதும்.

கோனில் 20, 30, 40 என்று ஒரு நம்பர் இருக்கும். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறது என்பதே அந்த நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 20-ஆம் நம்பர் ஒற்றை இழையில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர் வரும். 3.25 மில்லிமீட்டர் ஊசிக்கு எட்டு ஒன்பது இழை சேர்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசியில் கரித்துணி பின்னுவதானால் பதினான்கு பதினைந்து இழை. 40-ஆம் நம்பர் என்றால் இதில் இரண்டு மடங்கு. அவ்வளவு இழையைச் சேர்த்துச் சமாளிப்பது கடினம், அதனால் 20-க்கு மேல் போகாதீர்கள். டபுளிங் செய்த இரட்டை இழை நூல் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

ஒரே கோனாக இருந்தால் முதலில் சிறு சிறு உருண்டைகளாகச் சுற்றி, ஒவ்வொன்றையும் ஒரு டம்ளருக்குள் போட்டு வரிசையாக வையுங்கள். எல்லா முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே உருண்டையாகச் சுற்றுங்கள். இழுத்துச் சுற்றக் கூடாது. இழைகளில் ஒன்று இறுகி மற்றவை தொய்ந்தால், பின்னும்போது தொய்ந்த இழை கண்ணிக்கு வெளியே வளையமாக நிற்கும். முறுக்கவும் தேவையில்லை. பனியன் நூலில் மெஷினுக்காக லேசாக மெழுகு தடவியிருப்பார்கள். அதனால் முதலில் வழவழவென்று இருக்கும், தண்ணீரையும் உறிஞ்சாது. பின்னி முடித்து வெந்நீரில் சோப்புப் போட்டு ஒருமுறை துவைத்தால் சரியாகிவிடும்.

வாங்கியது பருத்திதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். சொட்டுவது கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

ஊசி நம்பர் குழப்புகிறது. 12 பெரியதா, 8 பெரியதா?

நம் கடைகளில் இன்னும் பழைய இங்கிலாந்து நம்பர்தான் புழங்குகிறது. அதில் எண் கூடினால் ஊசி மெல்லியது. 12 என்றால் 2.75 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 8 என்றால் 4, 6 என்றால் 5. போனி போன்ற கம்பெனி ஊசிகளில் இரண்டு அளவும் போட்டிருக்கும். மில்லிமீட்டரையே நம்புங்கள். முதன்முதலில் வாங்குகிறவர்கள் 8-ஆம் நம்பர் ஒரு ஜோடி, 10-ஆம் நம்பர் ஒரு ஜோடி வாங்கினால் கோடை முழுக்க வேறு தேவைப்படாது.

புதிதாகக் கற்றவள் நான். முதலில் எதைப் பின்னலாம்?

பாத்திரம் துடைக்கும் சதுரத் துணி. உடம்பு அளவு எடுக்க வேண்டாம், கோணலானாலும் வேலைக்கு ஆகும். நிட் என்னும் நேர்க்கண்ணி ஒன்று தெரிந்தாலே போதும், பர்ல் என்னும் புரட்டுக்கண்ணி தேவையில்லை.

மூலையிலிருந்து தொடங்குகிற முறையைச் சொல்கிறேன். ஊசியில் 4 கண்ணி போடுங்கள். ஒரு வரிசை அப்படியே நிட். அடுத்த வரிசையிலிருந்து 2 கண்ணி நிட், நூலை ஊசிக்கு மேலே ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். எல்லா வரிசையிலும் இதேதான். வரிசைக்கு ஒரு கண்ணி கூடி, துணி முக்கோணமாக விரியும், ஓரத்தில் அழகான துளைகள் விழும். 44 கண்ணி ஆனதும் இறங்கத் தொடங்குங்கள்: 1 கண்ணி நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக, நூல் ஒரு சுற்று, மறுபடியும் 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக, மீதி நிட். இப்போது வரிசைக்கு ஒன்று குறையும். 4 மிஞ்சியதும் கண்ணிகளை மூடி முடியுங்கள்.

4 மில்லிமீட்டர் ஊசியில் இது மூலைக்கு மூலை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வரும். பெரிதாக வேண்டுமென்றால் 56 வரை ஏற்றிவிட்டு இறங்குங்கள். இந்தத் துணியை நான் எல்லாருக்கும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டுவது, குறைப்பது இரண்டையும் ஒரே துணியில் கை பழகிவிடும். எந்த இடத்தில் நிறுத்தினாலும், கண்ணியை எண்ணிப் பார்த்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போய்விட்டு வரலாம்.

கரித்துணி பின்னலாமா? சூடு தாங்குமா?

பருத்தியில் தாராளமாகப் பின்னலாம். அக்ரிலிக்கில் ஒருபோதும் வேண்டாம். மேலே சொன்ன நெருப்புச் சோதனையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும், குக்கர் பிடியில் உருகி விரலோடு ஒட்டும்.

ஒற்றைத் துணி போதாது. இரண்டு சதுரம் பின்னி ஒன்றாகச் சேர்த்துத் தையுங்கள், அல்லது குரோஷாவில் நெருக்கமாகப் போடுங்கள். பெரிய துளை விழும் டிசைன் எதுவும் இதற்கு ஆகாது. முக்கியமானது: ஈரக் கரித்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கக் கூடாது. காய்ந்த துணியில் இடையிலுள்ள காற்று சூட்டைத் தடுக்கும். ஈரமானால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு சூட்டை நேரே கைக்குக் கொண்டுவரும். ஆகவே இரண்டு ஜோடி பின்னி, ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது அடுப்படியில் இருக்கட்டும்.

கோடைக்கு என்றே பின்னும்படி வேறு ஏதாவது?

தண்ணீர் பாட்டில் உறை. எங்கள் ஊர்க் காற்றுக்கு அவ்வளவு பொருத்தமான பொருள். மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டுவது எல்லாருக்கும் தெரியும். அதே வேலையை இது ஸ்டீல் பாட்டிலுக்குச் செய்யும். உறையை நனைத்துப் பிழிந்து பாட்டிலுக்குப் போட்டு நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது பாட்டிலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். கடற்கரைப் பக்கம், கொச்சியில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மெதுவாகிவிடும். உள்ளே காற்றை வெளியேற்றி இரண்டு சுவர் வைத்த பிளாஸ்க் வகைக்கும் பயன் இல்லை, சாதாரண ஒற்றைத் தகடு பாட்டிலாக இருக்க வேண்டும்.

குரோஷாவில் எளிது. நடுவில் 6 சிங்கிள் குரோஷாவில் (கொக்கியில் போடும் குட்டைக் கண்ணி) தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக விரியும். பாட்டிலின் அடி அளவுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக ஏறுங்கள். கழுத்தில் ஒரு கயிறு. வயலுக்குப் போகிறவர்கள் தோளில் மாட்டிக்கொள்ள நீளப் பட்டை வைத்துக் கொடுங்கள்.

கை வியர்த்து ஊசி வழுக்குகிறது. மணிக்கட்டும் வலிக்கிறது.

இரண்டும் தனித்தனிக் காரணம். வியர்வைக்கு மூங்கில் ஊசி நல்லது, அலுமினியத்தை விடப் பிடிப்பு அதிகம். அலுமினிய ஊசி பழசானால் வெள்ளை நூலில் சாம்பல் கறை விடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள், மடியில் ஒரு பழைய துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்குக் காரணம் நூல்தான். கம்பளி இழுத்தால் நீண்டு கொடுக்கும், பருத்தி கொடுக்காது. அந்த இழுப்பு முழுக்க மணிக்கட்டில் வந்து விழும். இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு அளவு தடித்த ஊசிக்கு மாறுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். இரவில் விரல் மரத்துப்போனால் பின்னலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வைராக்கியம் பிடிக்கும் விஷயமல்ல இது.

வீட்டு வேலைக்கு நடுவே எப்போது பின்னுகிறீர்கள்?

இதைத்தான் எல்லாரும் அதிகம் கேட்கிறார்கள். காலையில் எனக்கு நேரமே கிடையாது. தண்ணீர் பிடிப்பது, இட்லி, மதியச் சாப்பாடு என்று பத்து மணி ஆகிவிடும். கோடையில் அதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது, அதுதான் என் பின்னல் நேரம்: காக்கை விரட்டுவது.

சித்திரையில் எங்கள் பக்கத்து மொட்டை மாடி எல்லாவற்றிலும் ஏதாவது காயும். அரிசிக் கூழ் வடகம், ஜவ்வரிசி வடகம், மோர் மிளகாய், சுண்டைக்காய், கீறி உப்புப் போட்ட மாங்காய். வெள்ளை வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து வடகம் பிழிந்துவிட்டால், மேல்பக்கம் தோல் கட்டும் வரை யாராவது காவல் இருக்க வேண்டும். மாடிப்படிக் கூரையின் நிழலில் ஒரு முக்காலி, பக்கத்தில் நீளக் குச்சி, மடியில் பின்னல். இந்த நேரத்துக்கு நிட் மட்டுமே வரும் துணிதான் சரி. கண்ணைத் துணியில் வைக்க வேண்டாம், வேட்டி மேல் வைத்திருக்கலாம். விரல் தடவியே அடுத்த கண்ணி எங்கே என்று சொல்லிவிடும். காக்கை கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒரு அடி எடுத்து வைக்கும். குச்சியைத் தட்டினால் பறக்கும். வரிசை நடுவில் நின்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. கண்ணி எண்ண வேண்டிய டிசைன் எல்லாம் சாப்பாட்டுக்குப் பின், வீடு தூங்கும் இரண்டு மணிக்கு மேல்.

ஊறுகாய் போடும் நாளில் மட்டும் நூலைத் தொடாதீர்கள். மஞ்சள் கறை பருத்தியை விட்டு எளிதில் போகாது. மாங்காய்ப் பாலும் அப்படித்தான், காய்ந்தால் கறுத்துவிடும்.

"சும்மா உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்" என்று வீட்டில் பேசுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் உங்கள் பொருள் வீட்டில் புழங்கட்டும். அத்தையின் குளியலுக்கு ஒரு பருத்தித் தேய்ப்புத் துணி, மாமனாரின் பாட்டிலுக்கு உறை. கையில் எடுத்துப் புழங்கியவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மாற்றிக்கொள்ளாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். ஆண்கள் சாயங்காலம் டீக்கடையில் உட்காருவதை யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு பெண் தன் கையால் ஒன்றை உருவாக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. "நான் இப்போது வேலையாக இருக்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். மரியாதையோடு சொல்லலாம், ஆனால் சொல்ல வேண்டும்.

லீவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

கட்டாயம். பையன்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம், நான்கு விரல்களிலும் நூலை வளைத்து விரல் பின்னல் போடட்டும். நீளக் கயிறாக வரும். அதையே பாட்டில் உறைக்குப் பட்டையாக வைத்துத் தைத்தால் அந்தப் பிள்ளைக்குப் பெருமை தாங்காது. எட்டு வயதுக்கு மேல் ஊசி. இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரே உட்கார வையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் கையைப் பார்த்துத் தானே பிடித்துக்கொள்ளும்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு, கேரளத்தின் சித்திரைப் புத்தாண்டான விஷு நல்ல சாக்கு. எங்கள் ஊரில் சித்திரைக் கனியும் உண்டு, விஷுக் கைநீட்டமும் உண்டு. பெரியவர்கள் கொடுக்கும் நாணயத்தைப் போட்டுவைக்கச் சுருக்குப் பை பின்னலாம். பாட்டில் உறைக்குச் சொன்ன அதே வட்டம்தான், 30 கண்ணி வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு ஏற வேண்டும். வாய்ப்பக்கம் ஒரு சுற்றில் இடைவெளி விட்டுப் போட்டு, அதில் கயிற்றைக் கோத்தால் முடிந்தது. மீந்த நூலெல்லாம் இதில் தீர்ந்துவிடும்.

கோடையில் பிறக்கும் குழந்தைக்கு என்ன பின்னுவது?

பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித் துணிதான், பெரியவர்கள் சொல்வது சரி. பல தடவை துவைத்த துணியைவிட மெத்தென்று எதுவும் இராது. ஒரு மாதம் கழித்துப் போட, முன்பக்கம் திறந்த, கையில்லாத பருத்திச் சட்டை பின்னுங்கள். மார்புச் சுற்று 45 சென்டிமீட்டர் இருந்தால் முதல் மூன்று மாதத்துக்குத் தாராளம். தலைவழியே போடும் சட்டை பிள்ளையையும் தாயையும் சேர்த்து அழவைக்கும்.

சில விஷயங்களில் நான் கண்டிப்பு. கழுத்தில் ரிப்பனோ நீளக் கயிறோ வேண்டாம், பக்கவாட்டில் குட்டையாக முடிச்சுப் போடலாம். பெரிய துளை டிசைனில் விரல் மாட்டும். கையுறை, காலுறையின் உள்பக்கம் நீண்ட நூல் முனை விடக் கூடாது, குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். பொம்மைக் கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், நூலாலேயே போடுங்கள். வெயில் காலத்தில் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி போடாதீர்கள். குழந்தை தன் உடல் சூட்டைத் தலை வழியாகத்தான் அதிகம் வெளியேற்றுகிறது.

பருத்தியில் மேல்சட்டை பின்னினேன். நாலு தடவை போட்டதும் முழங்கால் வரை இறங்கிவிட்டது.

பருத்தி கனம் அதிகம், இழுத்தால் திரும்பவும் சுருங்காது. தன் எடையாலேயே கீழே இறங்கும். அதனால் ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, கீழே இரண்டு துணி கிளிப் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, அதன் பிறகு அளந்து கணக்குப் போடுங்கள். இடுப்பில் வரும் எலாஸ்டிக் பின்னலுக்கு மெல்லிய ரப்பர் நூலைச் சேர்த்துப் பின்னுங்கள். தோளில் தையல் வரட்டும், அது தாங்கிப் பிடிக்கும்.

துவைப்பது, சாயம் போவது பற்றி?

வெள்ளைத் துணியை நனைத்து நூலில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் பின்னுவதற்கு முன்பே தண்ணீர் தெளியும் வரை அலசிவிடுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். வருவது நூலில் பிடிக்காமல் தங்கிவிட்ட சாயம், அது அலசினால்தான் போகும். கொடியில் தொங்கவிடாமல் துண்டின் மேல் விரித்து நிழலில் காயவையுங்கள். எங்கள் ஊர் மதிய வெயில் எந்த நிறத்தையும் வெளுக்கச் செய்துவிடும். குரோஷா விரிப்புக்கு மட்டும் சோற்றுக் கஞ்சி போடலாம்.

விற்கலாமா? விலை எப்படிப் போடுவது?

விற்கலாம். நம் பக்கம் குடும்பஸ்ரீ என்னும் கேரள மகளிர் குழுக்களின் விஷுச் சந்தை, ஓணச் சந்தை இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது விலை விஷயத்தில்தான். நூல் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, "வீட்டில் சும்மா இருக்கும்போது பின்னியதுதானே" என்று சொல்லிப் பொருளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு சந்தைப் பைக்கு 120 ரூபாய் நூல், ஆறு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு வெறும் 50 ரூபாய் போட்டாலும் கூலி 300. மொத்தம் 420. இதற்குக் கீழே போனால் உங்கள் கையை நீங்களே ஏலம் போடுகிறீர்கள். ஆந்திராவில் கோதாவரிக் கரையோர நரசாபுரம் பக்கம் பெண்கள் வீட்டில் இருந்தபடி பின்னும் குரோஷா லேஸ் வெளிநாடுகளுக்குப் போகிறது. பின்னும் கைக்கு வரும் கூலி சொற்பம் என்று பல காலமாக எழுதுகிறார்கள். அந்த உழைப்பை ஓய்வு நேரம் என்று கணக்கு வைத்ததுதான் அதற்கு ஒரு காரணம். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானம் அடிமைத்தளையில் இருந்த சில பெண்களை மீட்கவும் உதவியது. நூல் வேலை ஒரு பெண்ணின் கையில் பணமாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் எல்லைப்புறத்திலேயே இருக்கும் சான்று அது.

தெரிந்தவர் இலவசமாகக் கேட்டால், மனதுக்கு நெருங்கியவருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள். மற்றவருக்கு விலை சொல்லுங்கள். பாதி விலை என்று ஒன்று வேண்டாம்.

மழைக்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் முடிக்க வேண்டும். கோடையில் உல்லன் தொடவே முடியாதா?

பகுதி பகுதியாகப் பின்னுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கைகள் தனித்தனி. மடியில் ஒரு துண்டுக்கு மேல் கனம் இருக்காது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும், அப்போது ஒரு கை பின்னலாம். சேர்த்துத் தைப்பதை ஜூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெல்லியாம்பதிக்கோ ஊட்டிக்கோ கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பின்னுகிறவர்கள் இப்படித்தான் முடிக்கிறார்கள்.

மீந்த நூலை எப்படிப் பாதுகாப்பது?

கேரளத்தில் பருவமழை சாதாரணமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். அதற்கு முன்பே மே கடைசி வாரத்தில் எல்லா நூலையும் எடுத்து ஒரு காலை நேரம் வெயில் காட்டி, சூடு ஆறியதும் மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கம்பளியையும் பருத்தியையும் ஒன்றாக வைக்காதீர்கள். கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு, துவைக்காமல் வியர்வைக் கறையோடு வைத்தால் தேடி வரும். பருத்தியைத் தின்பது கஞ்சி ருசி கண்ட வெள்ளிப்பூச்சி, அதனால் கஞ்சி போட்ட விரிப்பை அலசிக் கஞ்சி எடுத்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும். காய்ந்த வேப்பிலையை ஒரு மல் துணியில் முடிந்து மேலே போடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் நூலின் நம்பர், எத்தனை இழை, எந்த ஊசி என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள், அடுத்த பங்குனியில் தேடவேண்டி இருக்காது.